பதினோரு பெட்டைக்கு நாலு சேவல் எதற்கு?

கேள்வி: வீட்டில் 11 பெட்டை, 4 சேவல் இருக்கின்றன. எல்லாமே ஒன்றாகக் குஞ்சில் வாங்கியவை, இப்போது ஏழு மாதம். ஒரு மாதமாகச் சேவல்கள் ஓயாமல் சண்டை போடுகின்றன. ஒன்றுக்குக் கொண்டை கிழிந்துவிட்டது. பெரிய சேவல் என் ஐந்து வயது மகனைத் துரத்துகிறது. கோழி வியாபாரி, "மூக்கை வெட்டிவிடுங்க, இல்லாட்டி எங்கிட்ட குடுத்துட்டு சாதுவான சேவலா ஒண்ணு மாத்திக்குங்க" என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகி, பெருந்துறை அருகே)

பதில்: மூக்கையும் வெட்ட வேண்டாம், சேவலையும் மாற்ற வேண்டாம். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதான் புழக்கடைக் கணக்கு. உங்களிடம் மூன்று சேவல் அதிகம், சண்டைக்குக் காரணம் அதுதான். நாட்டுக்கோழிக் குஞ்சில் ஆண், பெண் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல. "எல்லாம் பெட்டைதாங்க" என்று சொல்லி விற்பவர் பேச்சை நம்பவே நம்பாதீர்கள். ஒன்றாக வளர்ந்த சேவல்கள் ஐந்தாறு மாதம் வரை சும்மா இருக்கும். கொண்டை சிவந்து கூவ ஆரம்பித்ததும் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளப் பார்க்கும்.

மூக்கு வெட்டுவது கூண்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழிக்கான வேலை. மேயும் கோழிக்கு வெட்டினால் கரையானும் தானியமும் பொறுக்க முடியாது, இறகில் உள்ள பேனைக் கோதி எடுக்கவும் முடியாது. சேவல் சண்டையில் பெரிய காயம் காலிலுள்ள முள்ளால்தான் வருகிறது. மூக்கை வெட்டி என்ன பயன்? முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்குங்கள். உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, ஆழமாகப் போனால் ரத்தம் கொட்டும்.

எல்லாச் சண்டையும் விலக்க வேண்டிய சண்டை அல்ல. கழுத்து இறகைச் சிலிர்த்து இரண்டு மூன்று முறை எகிறி, தோற்றது தலையைத் தாழ்த்தி ஒதுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். ஒதுங்கியதையும் மூலைக்கு விரட்டிக் கொத்தினால்தான் ஆபத்து. இதை அந்தியில் கண்டுபிடிக்கலாம். அடையும் நேரத்தில் தோற்ற சேவலைப் பிடித்து, கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, உருண்டையாக இருந்தால் தின்றிருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து தட்டையாக இருந்தால் அதை இரைக்கே வர விடவில்லை என்று அர்த்தம்.

எதை வைத்துக்கொள்வது? சண்டையில் ஜெயிப்பதைத்தான் எல்லோரும் வைப்பார்கள், அது தவறு. இரை கண்டால் தான் தின்னாமல் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடுவது எது, பருந்து வட்டமிட்டால் முதலில் குரல் கொடுப்பது எது என்று நாலு நாள் கவனியுங்கள். அதுதான் உங்கள் சேவல். மற்ற மூன்றையும் இரவில், அடைந்த பிறகு, சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். ஒன்றைக் கையிருப்பாக வைக்க நினைத்தால் பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். நாலு நாள் பிரித்துவிட்டுத் திரும்பக் கூட்டத்தில் விடாதீர்கள். வரிசை கலைந்து, முதலிலிருந்து சண்டை ஆரம்பிக்கும்.

விற்பதை எடைக்கு விற்கவும். வீட்டிலேயே தராசில் நிறுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். "உருப்படி இவ்வளவு" என்று கண்ணளவில் விலை சொல்பவருக்கு லாபம் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. மாற்றுச் சேவல் என்று சந்தையிலிருந்து வருவது பெரும்பாலும் முள்ளை ராவி இளசாகக் காட்டிய கிழடு, அல்லது வெள்ளைக்கழிச்சல் நோயைச் சுமந்து வருவது. எந்தப் புதுக் கோழியானாலும் 21 நாள் தனியே வைக்காமல் சேர்க்காதீர்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். மருந்துக் குப்பியோ நூறு டோஸ், கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்துக் கோழியோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனால் "ஆள் சேர்த்துக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் பத்து வளர்க்கும் பெண்களைக் கணக்கில் எடுக்க இந்த நாட்டில் யாருக்கும் நேரமில்லை. பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமுக்குப் போங்கள். வேறு வழி இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்னது சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிக்குப் பொருந்தும். உங்கள் சேவலில் அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் ரத்தம் இருந்தால் கதை வேறு. நிமிர்ந்த நிற்பு, நீண்ட கழுத்து, பட்டாணி போன்ற சின்னக் கொண்டை, தாடி இல்லாத முகம், தடித்த கால் இருக்கிறதா என்று பாருங்கள். எதிரி ஓடினாலும் இது நிறுத்தாது, சாகும்வரை அடிக்கும். இருபது பெட்டை இருந்தாலும் இதில் இரண்டு சேவல் ஒரு முற்றத்தில் ஆகாது. கம்பி வலை போட்டுப் பிரித்தால் வலைக்கு இருபுறமும் மோதி முகத்தைக் கிழித்துக்கொள்ளும். தரையிலிருந்து மூன்றடிக்குத் தகரமோ தென்னந்தட்டியோ வைத்துப் பார்வையை மறைக்க வேண்டும். எடை நிற்கும் என்பதால் வியாபாரிகள் இதைக் கலந்து "நாட்டுச் சேவல்" என்று விற்கிறார்கள். இதற்கு யாராவது வழக்கத்துக்கு மீறி விலை சொன்னால் சண்டைக்கு விடத்தான் கேட்கிறார். அது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். கொடுக்காதீர்கள்.

கொண்டை கிழிந்த சேவலை உடனே தனியாக அடையுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவையும் கொத்தும். காயத்தைக் கழுவி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். ஈ மொய்த்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும், காலையும் மாலையும் பாருங்கள்.

மகன் விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு எகிறும் சேவலின் முள் எட்டிவிடும். அந்தச் சேவல் வெளியே இருக்கும்போது பையன் முற்றத்தில் இறங்கக் கூடாது. ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அது நடனமாடினால் பாயப் போகிறது என்று பொருள். ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம், இரண்டுமே அதற்குச் சண்டைதான். பெரியவர்கள் வாளியையோ முறத்தையோ குறுக்கே பிடித்து அசையாமல் நின்றால், சலித்து விலகும். கையில் வைத்து இரை ஊட்டாதீர்கள். மூன்று வாரத்திலும் மாறாவிட்டால் குழம்புக்குத்தான். அந்தக் குணம் குஞ்சுக்கும் இறங்கும். அதைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அதன் விந்து பெட்டைகளிடம் தங்கியிருக்கும் என்பதால், அடைக்கு முட்டை சேர்ப்பதை நாலாவது வாரத்தில் தொடங்குங்கள்.