நீல நிறம் என்றால் டம்மியா?

கேள்வி: எங்கள் காயலான் கடைக்கு வந்த இரும்பு லோடில், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக, நீல பெயின்ட் அடித்த கனமான வட்டு ஒன்று கிடந்தது. "ராணுவப் பயிற்சிக் கண்ணிவெடி, டம்மிதான், வெட்டு" என்கிறார்கள். வெட்டலாமா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வெட்டக் கூடாது தம்பி, தொடவும் கூடாது. உங்களிடம் போனில் சொன்னதையே மற்ற கடைக்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரன், அதாவது ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவன். பயிற்சி வெடியை மண்ணில் புதைத்து வைப்பார்கள். குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகச் செலுத்தித் தேடுவோம். செங்குத்தாகக் குத்தினால் மேலே உள்ள அழுத்தத் தட்டில் பட்டுவிடும். பட்டால் 'டப்' என்று சத்தம், புகை. "நீ செத்தாய்" என்பார் பயிற்சி தரும் உஸ்தாத். அந்தப் புகைக்காக வெடிக்குள் கொஞ்சம் மருந்து உண்டு. பெரிய வெடிமருந்துதான் இருக்காது. மூடிய இரும்புக்குள் இருக்கும் அந்தக் கொஞ்சத்தை கேஸ் கட்டரால் சூடாக்கினாலே விரலும் கண்ணும் போகும்.

நீலம் அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் பயிற்சிப் பொருளுக்கு அடிக்கும் நிறம். எல்லா நாட்டுக்கும் அதே விதி இல்லை. நம் துறைமுகத்துக்கு எந்தெந்த நாட்டு இரும்பெல்லாம் வருகிறது! 2004-ல் காசியாபாத் பக்கம் ஓர் ஆலையில், வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு இறக்குமதிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். சோதனைச் சான்றிதழ் சரியாகவே இருக்கட்டும், குவியலுக்குள் வெறுங்கையை விடுவது நம் பையன்கள்தானே? புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பதறுகிறது.

வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்பி, தள்ளி நின்று 100-க்கு போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள். தண்ணீரில் போடுவது, ஓரமாகத் தூக்கி வைப்பது எதுவும் வேண்டாம். கேஸ் ஆகிவிடுமே என்று முதலாளி தயங்கினால், அவருக்காகக் காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள்.

கேள்வி: நிஜக் கண்ணிவெடியை வைத்தும் பயிற்சி தருவார்களா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தருவதுண்டு அம்மா. ஆள்கொல்லிக் கண்ணிவெடியைத் தடை செய்த 1997 ஒட்டாவா ஒப்பந்தமே, தேடவும் அகற்றவும் கற்றுக்கொடுக்கச் சிலவற்றை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதுவும் மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான். இந்தியா அதில் சேரவில்லை. இலங்கை 2017-ல் சேர்ந்தது. வன்னியில் வெடி அகற்றும் வேலையில் நம் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்கள் பழகுவதற்குச் சில வெடிகள் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கிடங்கில் அடுக்கி வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.