யாழ்ப்பாணத் தொகுதி: எட்டுத் தேர்தல், நாலு எம்.பி.

யாழ்ப்பாண நகரத்துக்கென்று தனியாக ஓர் எம்.பி. இருந்த காலம் ஒன்று உண்டு. 1947இல் தொடங்கி 1977 வரை அங்கே எட்டுப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. அந்தத் தொகுதியைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: எட்டுத் தேர்தலிலும் வென்றவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுங்கள் ஐயா. மாணவர்களுக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

1947, 1952, 1956: ஜி. ஜி. பொன்னம்பலம், தமிழ்க் காங்கிரஸ். 1960 மார்ச், 1960 ஜூலை: அல்பிரட் துரையப்பா, சுயேச்சை. 1965: மறுபடியும் பொன்னம்பலம். 1970: சி. எக்ஸ். மார்ட்டின், தமிழரசுக் கட்சி. 1977: வெ. யோகேஸ்வரன், தமிழர் விடுதலைக் கூட்டணி.

பொன்னம்பலம் ஏழு தடவை நின்று நான்கில் வென்றார், மூன்றில் தோற்றார். அந்த மூன்று தோல்விகளில்தான் இந்தத் தொகுதியின் கதையே இருக்கிறது.

கொழும்பிலிருந்து ஒருவர்: 1947இல் அருணாசலம் மகாதேவா பெரிய மந்திரி. சேர் பொன். அருணாசலத்தின் மகன். அவரை எப்படித் தோற்கடித்தார்கள்?

அவர் மந்திரியாக இருந்ததுதான் பிரச்சினையே. இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பை ஆராய பிரித்தானியர் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழுவின் முன் பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். அதாவது சட்டசபையில் பாதி இடங்கள் சிங்களவருக்கு, மீதிப் பாதி மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்து. அது கிடைக்கவில்லை. சோல்பரித் திட்டத்தை ஏற்பதா என்ற கேள்வி 1945இல் அரசாங்க சபைக்கு வந்தபோது மகாதேவா ஏற்கும் பக்கம் நின்றார். இரண்டு வருடத்தில் அதே மனிதர் ஐக்கிய தேசியக் கட்சி (யூ.என்.பி.) வேட்பாளராக யாழ்ப்பாணத்துக்கு வாக்குக் கேட்டு வந்தார். சுலபமாகத் தோற்றார். தமிழ்க் காங்கிரசுக்கு அந்த முறை ஏழு ஆசனங்கள்.

அடுத்த வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். யூ.என்.பி.யோடு சேர்ந்ததற்காக மகாதேவாவைத் தாக்கிய பொன்னம்பலமே 1948இல் அந்த யூ.என்.பி. அரசாங்கத்தில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன நேரம் அது. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

சாவகச்சேரிக்காரர்: அமைச்சராகப் போனவரை 1952இல் மக்கள் தண்டிக்கவில்லையே, ஏன்?

காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை காகிதம் என்று கண்ணுக்குத் தெரியும் தொழிற்சாலைகள் அவர் கணக்கில் இருந்தன. 1952இல் தமிழரசுக் கட்சி இன்னும் குழந்தை. செல்வநாயகமே காங்கேசன்துறையில் யூ.என்.பி.யின் நடேசனிடம் தோற்றார். நகரத்தில் பொன்னம்பலத்தை எதிர்த்து நின்ற தமிழரசுக் கட்சியின் டாக்டர் இ. மு. வி. நாகநாதனும் தோற்றார்.

என்னைக் கேட்டால் 1956தான் வியப்பு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்தின் நிழலில் நடந்த தேர்தல் அது. தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை அள்ளியது. தமிழ்க் காங்கிரசுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, யாழ்ப்பாணம். நாகநாதன் திரும்பவும் நின்றார், திரும்பவும் தோற்றார். குடாநாடு ஒரு பக்கம் சாய்ந்தபோது நகரம் சாயாமல் நின்றது.

பல்கலைக்கழக மாணவி: அப்படியானால் நகரத்துக்கும் குடாநாட்டின் மற்றத் தொகுதிகளுக்கும் என்ன வித்தியாசம்?

ஆட்கள் வேறு. குருநகர், பாசையூர்க் கரையோரக் கத்தோலிக்கர், சோனகத் தெரு முஸ்லிம்கள், பெரிய கடைப்பக்க வியாபாரிகள், சந்தைத் தொழிலாளர், கந்தோர் உத்தியோகத்தர், வண்ணார்பண்ணைச் சைவர்கள் எல்லோரும் ஒரே சிறிய தொகுதிக்குள் இருந்தார்கள். கிராமத் தொகுதியில் பெரிய மனிதர் பத்துப் பேரைப் பிடித்தால் வேலை முடிந்துவிடும். நகரத்தில் அது நடக்காது. 1949இல் மாநகரசபை வந்த பிறகு வட்டார அரசியலும் வளர்ந்தது. தண்ணீர்க் குழாய், கடை, வேலை என்று அன்றாடத் தேவைக்கு யாரிடம் போகலாம் என்று மக்கள் பார்த்தார்கள். கட்சியின் பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. இது என் கணிப்பு. ஆனால் எட்டு முடிவுகளையும் அடுக்கிப் பார்த்தால் நீங்களும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

அதே மாணவி: துரையப்பா வென்றது அதனால்தானா?

பெரும்பாலும். அவர் மாநகரசபையில் வளர்ந்த உள்ளூர்ச் சட்டத்தரணி. பொன்னம்பலம் அல்வாயில் பிறந்தவர், தொழில் செய்து பேர் எடுத்தது கொழும்பில். நாடே அறிந்த குற்றவியல் வழக்கறிஞர்தான், ஆனால் திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டக்கூடிய ஆள் அல்ல. துரையப்பா அந்த ஆளாக இருந்தார்.

தொகுதிப் பிரிப்பையும் மறக்காதீர்கள். 1960இல் குடாநாட்டில் நல்லூர், உடுவில், உடுப்பிட்டி எல்லாம் புதிதாக வந்தன. அங்கே போய் நின்ற நாகநாதன் உடனேயே நல்லூரில் வென்றார். நகரத்தில் மட்டும் காற்று வேறு பக்கம். மார்ச்சில் வந்த நாடாளுமன்றம் நிலைக்காமல் ஜூலையில் மறுபடி தேர்தல் வந்தது. துரையப்பா இரண்டிலும் வென்றார், பொன்னம்பலம் இரண்டிலும் தோற்றார். ஒரு தடவை என்றால் விபத்து எனலாம், நாலு மாதத்தில் இரண்டு தடவை நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

லண்டனிலிருந்து ஒருவர்: 1970இல் மயிரிழையில் முடிவு வந்தது என்று எங்கள் அப்பா சொல்வார். உண்மையா அண்ணை?

உண்மை. மார்ட்டினுக்கும் துரையப்பாவுக்கும் இடையில் நூறு வாக்குகூட வித்தியாசம் இல்லை. பொன்னம்பலம் மூன்றாவது, ஆனால் அவரும் வெகு தூரத்தில் இல்லை. மூன்று பேர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீதம் எடுத்த தேர்தல். அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி என்ற பழைய முறையில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட எடுத்தாலே போதும், எம்.பி. ஆகிவிடலாம்.

தமிழரசுக் கட்சி அந்த ஒரு ஆசனத்துக்காக இருபது வருடம் காத்திருந்தது. அது கிடைத்த தேர்தலிலேயே கட்சியின் பெரிய ஆட்களான அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையிலும் நாகநாதன் நல்லூரிலும் தோற்றுப் போனார்கள். அப்புறம் கிடைத்த ஆளும் தங்கவில்லை. மார்ட்டினுக்கும் கட்சிக்கும் சீக்கிரமே முறிந்தது. 1972 குடியரசு அரசியலமைப்பைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது, மார்ட்டின் ஆதரித்தார். கட்சிக்காரர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

தோற்ற துரையப்பா அதே ஆண்டு யாழ். மேயரானார். சிறிமாவோ அரசாங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் முகம் அவர்தான். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நகரத்து விளையாட்டரங்குக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: 1977இல் போட்டியே இருக்கவில்லைதானே?

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. பொன்னம்பலம் அந்த ஆண்டு பெப்ரவரியில் காலமானார், செல்வநாயகம் ஏப்ரலில். வாழ்நாள் எதிரிகளான இருவரும் கடைசியில் ஒரே கூட்டணியில் இருந்தார்கள். பொன்னம்பலத்தின் மகன் குமார் பொன்னம்பலம் கூட்டணியின் வேட்பாளராக முடியாமல் யாழ்ப்பாணத்தில் சுயேச்சையாக இறங்கினார். தனித் தமிழ் நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு அடுத்த ஆண்டு கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தை எதிர்த்து நிற்பது சின்ன விஷயமல்ல. யோகேஸ்வரன் வென்றார். குமார் பிறகு தமிழ்க் காங்கிரசுக்கு உயிர் கொடுத்தார்.

இவர்களின் முடிவுகளையும் எழுதாமல் போக மனம் வரவில்லை. 1981இல் யாழ். நூலகம் எரிந்த நாட்களில் யோகேஸ்வரனின் வீடும் எரிக்கப்பட்டது. 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அமிர்தலிங்கத்தோடு சேர்த்து அவரையும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி சரோஜினி 1998இல் யாழ். மேயராகி, அதே ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார். குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரியில் கொழும்பில் சுடப்பட்டார்.

கனடாவிலிருந்து ஒருவர்: தொகுதியை எந்த நாளில் ஒழித்தார்கள்?

ஒரு நாளைக் குறித்துச் சொல்வது கஷ்டம். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆனால் 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தின் ஆயுளை 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு நீட்டிவிட்டதால் பழைய எம்.பி.க்களே தொடர்ந்தார்கள். 1983இல் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைக் கேட்டது. கூட்டணியினர் மறுத்துச் சபைக்குப் போகாமல் இருந்து ஆசனங்களை இழந்தார்கள். புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15இல்தான் நடந்தது.

சாவகச்சேரிக்காரர்: ஆனால் தேர்தல் இரவில் ‘யாழ்ப்பாணம் தேர்தல் தொகுதி முடிவு’ என்று இப்போதும் வாசிக்கிறார்களே?

வாசிக்கிறார்கள். பழைய தொகுதிகள் இப்போது வாக்கு எண்ணும் பிரிவுகளாக மட்டும் இருக்கின்றன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். 2015இல் அதற்கு ஏழு ஆசனம், 2024இல் ஆறு. நகரத்தில் ஒரு கட்சி முதலாவதாக வந்தால் அந்த வாக்குகள் மாவட்டக் கணக்கில் போய்ச் சேரும். வானொலியில் பெயர் வரும், நகரத்துக்கென்று எம்.பி. வரமாட்டார்.