குழல் மட்டும்தானே என்று பார்சல் கட்டாதீர்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வாப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி, குழல் அளவு பன்னிரண்டு போர் (bore). உப்புக்காற்றில் வலது குழலுக்குள் துரு அரித்துப் பள்ளம் விழுந்துவிட்டது, தோட்டாவைத் தட்டும் ஊசியும் தேய்ந்துவிட்டது. பர்மிங்காமில் இருக்கும் மச்சான் அங்கே ஒரு பட்டறைக்காரரிடம் பேசிவிட்டு, "முழுத் துப்பாக்கி வேண்டாம், குழலையும் ஊசியையும் மட்டும் கூரியரில் போடு, மெஷின் ஸ்பேர் என்று எழுது" என்றாராம். இன்னொருவர், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகில் கொடுத்தால் இலங்கை போய் அங்கிருந்து சுலபமாகப் போய்விடும் என்றாராம். குழலை லுங்கியில் சுற்றி பிவிசி பைப்புக்குள் செருகி இரண்டு பக்கமும் மூடி போட்டாயிற்று. அனுப்பலாமா என்பது கேள்வி.

அனுப்பாதீர்கள். இன்றைக்கே அந்தப் பைப்பைத் திறந்து, குழலை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துப்பாக்கியில் மாட்டி, வாப்பா வழக்கமாகப் பூட்டி வைக்கும் இடத்தில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

குழலைக் கழற்றும்போது அதன் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள், தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகளும் ஒரு எண்ணும் வெட்டியிருக்கும். அந்த எண்ணையும் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவு துப்பாக்கி என்று சொல்லும்போதே அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே குழல் தனியாகப் போனாலும் சட்டத்தின் கண்ணுக்குப் போவது துப்பாக்கிதான்.

ஊசி இத்தனூண்டுதானே என்பீர்கள். சிறு பாகங்களுக்கு 45-வது பிரிவில் விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அதற்கு இணையான மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக்கூடாது, அந்த மற்ற பாகங்கள் யாரிடம் இருந்தாலும் சரி. உங்கள் ஊசி திரும்பி வந்து அதே துப்பாக்கியில் உட்காரப் போகிறது, விலக்கு அங்கேயே முடிந்தது. "பழுதான துப்பாக்கி துப்பாக்கியே இல்லை" என்று சிலர் சொல்வதும் இதே பிரிவை அரைகுறையாகப் படித்துத்தான்: பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருப்பதற்குத்தான் விலக்கு. நீங்களோ பழுது பார்க்கத்தானே அனுப்புகிறீர்கள்.

எல்லை தாண்டுவது 10-வது பிரிவு. கடல், தரை, ஆகாயம் எந்த வழியானாலும் உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கொண்டுபோக ஒரு சலுகை அதிலேயே இருக்கிறது, மச்சான் அதைக் காட்டக்கூடும். தானே வைத்திருக்கத் தகுதியுள்ளவர் தன் உபயோகத்துக்கு எடுத்துப் போவதற்கான சலுகை அது, இன்னொருவர் பட்டறைக்கு கூரியரில் போகும் பார்சலை அதற்குள் அடக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. சுங்க ஆணையருக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை பொருளை நிறுத்தி வைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எனக்கு அதிகம் பயம் தருவது "மெஷின் ஸ்பேர்" என்ற அந்த இரண்டு வார்த்தைதான். எக்ஸ்ரேயில் இரட்டைக்குழல் இரட்டைக்குழலாகத்தான் தெரியும். உண்மையை எழுதி மாட்டினால் அனுமதி வாங்காத ஏற்றுமதி மட்டும்தான் என்று வாதாடலாம், பொய் எழுதி மாட்டினால் தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி. சுங்கச் சட்டம் 132-வது பிரிவில் பொய் அறிவிப்புக்கு மட்டும் 2 ஆண்டு வரை சிறை, பறிமுதலும் அபராதமும் தனி.

படகு யோசனையைச் சொன்னவரிடம் இனி இதைப் பேசவே வேண்டாம். பீடி இலை, மஞ்சள், கடலட்டை கடத்தல் என்று தினமும் படகுகளைச் சோதிக்கிற கரை இது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் கிடைத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இங்கே ஒரு படகில் துப்பாக்கிக் குழல் பிடிபட்டால், வயதான வாப்பாவின் பழைய துப்பாக்கி என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள், படகுக்காரர் குடும்பமும் சேர்ந்து அலையும்.

சரி, என்ன செய்யலாம்? உள்நாட்டிலேயே பாருங்கள். மதுரையிலோ சென்னையிலோ உள்ள துப்பாக்கிக் கடையில், விற்பனைக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, அந்த உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். வாப்பா அலைய முடியாவிட்டால் நீங்களே எடுத்துப் போகலாம்: லைசென்ஸ்தாரர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் பழுது பார்க்க எடுத்துச் செல்ல ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவே வழி விடுகிறது. கடிதத்தில் துப்பாக்கி எண், கடை, போகும் நாள் எல்லாம் எழுதி வாப்பா கையெழுத்திடட்டும், லைசென்ஸைக் கூடவே வையுங்கள், அது எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்று போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த லேத் பட்டறையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பது 5-வது பிரிவுக் குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம்.

பர்மிங்காமில்தான் செய்ய வேண்டும் என்று கடை எழுதிக் கொடுத்தால், கடையின் மூலமாகவே போங்கள். 10-வது பிரிவு உரிமம், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி, சுங்கத்தில் உள்ளது உள்ளபடி அறிவிப்பு, பிரிட்டன் பக்கத்து இறக்குமதி விதிகள் எல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், திரும்பி வருவதற்கான அனுமதியைப் போவதற்கு முன்னாலேயே கையில் வாங்குவது. தனி நபர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி கொண்டுவருவது இந்த நாட்டில் பல காலமாகவே மிகக் கடினம். குழல் அங்கேயே தங்கிவிட்டால் வாப்பாவிடம் மிஞ்சுவது கட்டையும் குதிரையும்தான், அடுத்த புதுப்பித்தலில் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கியைக் காட்டச் சொன்னால் காட்டக் குழல் இருக்காது.

மச்சானுக்கு இன்று இரவே போன் செய்து, பட்டறையில் பேசியதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். லைசென்ஸின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள், வாப்பா கொடுக்க வேண்டிய அதிகாரக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.