அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டதா?

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஆராதனையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது எனக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. "உலகம் தரும் மகிழ்ச்சி போய்விடும், கர்த்தர் தரும் சந்தோஷம் போகாது" என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். என்னிடம் இரண்டுமே இல்லை. ஜெபக்குழுவில் ஒருவர், "விசுவாசி இவ்வளவு நாள் அழக்கூடாது" என்றார். அடுத்த மாதம் சபைக்கு முன் நின்று, கடவுள் எனக்குச் செய்ததைச் சாட்சியாக வேறு சொல்லச் சொல்கிறார்கள். என் விசுவாசம் பொய்யா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பொய் இல்லை, சகோதரி. இவ்வளவு நாள் அழக்கூடாது என்று கணக்குச் சொன்னவர் அதை எங்கே படித்தாரோ! யோவான் 11-ஆம் அதிகாரத்தில், இறந்துபோன நண்பன் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால் நீங்கள் அழுவதில் என்ன குறை?

பிரசங்கத்தில் கேட்டது தப்பில்லை, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. நல்ல வேலை கிடைத்தால், மருத்துவப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தால், சண்டை போட்ட தம்பி திரும்பப் பேசினால் மகிழ்ச்சி வருகிறது, காரணம் போனால் அதுவும் போகிறது. அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை, கானாவூர் கலியாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்தபோது இயேசு அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டார். வேதம் பேசுகிற சந்தோஷம் அப்படி அன்றன்றைய செய்தியைப் பார்த்து வருவதில்லை. கடவுள் யார், கிறிஸ்துவில் என்ன செய்தார், கடைசியில் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அப்புறம் நடக்கிற தவறு என்னவென்றால், அந்தச் சந்தோஷத்தையும் ஒரு மனநிலையாக்கி, சாதாரண மகிழ்ச்சியைவிடக் கொஞ்சம் சத்தமான, எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டிய ஒன்றாக ஆக்கிவிடுகிறோம், அது முகத்தில் தெரியாதவர்களைச் சந்தேகப்படவும் ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது எழுதிய பிலிப்பியர் நிருபத்தை, அதாவது கடிதத்தை, ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், நாலே அதிகாரம்தான். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து என்ற தோழர் சாகும் அளவுக்கு நோயுற்றுப் பிழைத்ததைச் சொல்லும்போது, அவர் செத்திருந்தால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" ஆகியிருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். அப்படியென்றால் ஒரு துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய அதே மனதுக்குள்தான் அதுவும் இருந்தது. ஒன்று வர மற்றது வெளியேற வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. எந்த நிலைமையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருக்கத் தான் கற்றுக்கொண்டதாக நாலாம் அதிகாரத்தில் சொல்கிறார், அதாவது அவருக்கே அது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

ஆபகூக்கும் அப்படித்தான். அத்திமரம் துளிர்விடாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற வரிகளைக் காலண்டரில் அச்சடிக்கிறார்கள், அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அதில் அந்தத் தீர்க்கதரிசிக்குக் குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது, எலும்புக்குள் ஏதோ உக்கிப்போகிறது. அந்த உடம்போடுதான் அடுத்த வரியைச் சொல்கிறார்.

தெசலோனிக்கேயருக்கும் பவுல் துக்கப்படாதீர்கள் என்று எழுதவில்லை. நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார். உங்கள் அப்பாவுக்காக நீங்கள் அழுவதும், உயிர்த்தெழுதலை நம்புவதும் ஒரே நாளில், ஒரே ஜெபத்தில்கூட நடக்கலாம். என்னிடம் இரண்டுமே இல்லை என்கிறீர்கள். தொண்டை அடைத்தும் ஆராதனைக்குப் போவதை நிறுத்தாமல், கடவுளிடம் கோபித்துக்கொண்டாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? நான் அதைச் சந்தோஷத்தின் வேர் என்றுதான் சொல்வேன், பூ வராத காலத்திலும் வேர் வேர்தான்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். மனம் இல்லையென்றால் "இப்போது முடியாது" என்று சொல்லிவிடுங்கள், விளக்கம் தர வேண்டியதில்லை. போய் நின்றால் நடிக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள். அது ஆறுதல் சொல்லாமலே முடிகிற சங்கீதம், ஆனாலும் வேதத்தில் இருக்கிறது, கடைசி வரி வரை கடவுளிடமே பேசுகிறது. சிலர் நெளிவார்கள், நெளியட்டும். சபையில் உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தூக்கம், சாப்பாடு எப்படி? பல வாரமாகத் தூங்க முடியவில்லை, வேலையில் கை ஓடவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், வாழப் பிடிக்காத எண்ணம் இருந்தால் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அதை அவிசுவாசம் என்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐப் படிக்கட்டும். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, பிறகு இன்னொரு முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.