'டிஏ-எல்கே' என்றால் எந்தத் தமிழ்?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்கு நான் புதிது. ஒரு ஏஜென்சி அனுப்பிய ஆர்டரில் 'இஎன்-ஜிபி', 'டிஏ-எல்கே' என்று போட்டிருக்கிறது. இன்னொரு ஃபைலின் பெயரில் வெறும் 'டிஏஎம்'. எல்லாம் தமிழ்தானே, இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

பதில்: தமிழ்தான். ஆனால் எந்த நாட்டுத் தமிழ் என்பதுதான் உங்கள் ஆர்டரில் எழுதியிருக்கிறது.

கோட்டுக்கு முன்னால் இருப்பது மொழி. அது ஐஎஸ்ஓ 639 தரநிலையில் வருகிறது. 'இஎன்' ஆங்கிலம்; 'டிஏ', 'டிஏஎம்' இரண்டும் தமிழையே குறிக்கும். மூன்றெழுத்து ஏன்? 26 எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 குறியீடுதான் கிடைக்கும். உலகில் மொழிகளோ ஏழாயிரம் அளவில் இருக்கின்றன. (பழந்தமிழுக்கே 'ஓடிஒய்' என்று தனிக் குறியீடு உண்டு. அதில் ஆர்டர் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.)

கோட்டுக்குப் பின்னால் இருப்பது நாடு: 'ஐஎன்' இந்தியா, 'எல்கே' இலங்கை, 'எஸ்ஜி' சிங்கப்பூர், 'எம்ஒய்' மலேசியா. கை சுட்டுக்கொள்வது இங்கேதான். ஆரம்பத்தில் நானும் ஒரு 'டிஏ-எல்கே' வேலையை, தமிழ்தானே என்று சென்னைத் தமிழில் செய்து அனுப்பினேன். நோயாளிகளுக்கான கையேடு அது. திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. 'மருத்துவமனை' எல்லாம் 'வைத்தியசாலை' ஆகியிருந்தது, 'ஆகஸ்ட்' 'ஓகஸ்ட்' ஆகியிருந்தது, 'பஸ் நிறுத்தம்' 'பஸ் தரிப்பிடம்' ஆகியிருந்தது. நான் எழுதியது பிழையான தமிழ் இல்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பவருக்கு அது அயலூர்த் தமிழ், அவ்வளவுதான். சிங்கப்பூர் வேலையில் எண்களையும் பாருங்கள்: நாம் 12,50,000 என்று போடுவதை அங்கே 1,250,000 என்று எழுதுவார்கள்.

மொழிக் குறியீட்டையும் நாட்டுக் குறியீட்டையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். 'எஸ்ஐ' மொழியாக வந்தால் சிங்களம், நாடாக வந்தால் ஸ்லோவேனியா. 'யூகே' மொழி இடத்தில் இருந்தால் அது உக்ரேனியம், பிரிட்டனுக்கு 'ஜிபி'தான். மலாய் 'எம்எஸ்', மலையாளம் 'எம்எல்': ஓர் எழுத்து மாறினால் ஃபைல் கோலாலம்பூருக்குப் பதிலாகக் கொச்சிக்குப் போய்விடும்.

சில ஃபைல்களில் நடுக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு இருக்கும். பொருள் ஒன்றுதான், ஆனால் அழகுக்காக மாற்றிவிடாதீர்கள். சாஃப்ட்வேர் அந்தப் பெயரை வைத்துத்தான் ஃபைலைத் தேடும். அதேபோல் 'டிஏ-ஐஎன்' என்று சேமித்த டிஎம்மை (முந்தைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்பு) 'டிஏ-எல்கே' புராஜெக்ட்டில் சில கேட் டூல்கள் (மொழிபெயர்ப்புக்கு உதவும் சாஃப்ட்வேர்) ஏற்காது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? 'டிஏஎம்' ஃபைலுக்கு, வாசகர் எந்த நாட்டவர் என்று ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 'டிஏ-எல்கே' வேலைக்கு, நீங்கள் இலங்கைக்காரர் இல்லை என்றால், அங்கத்திய ஒருவர் படித்துத் திருத்துவதற்கான தொகையையும் சேர்த்து ரேட் சொல்லுங்கள். அதற்கு ஏஜென்சி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் அந்த வேலையை எடுக்க மாட்டேன்.