த்ரீ பேஸ் கரண்ட் வந்திருச்சு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. பெங்களூர் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. நாலு வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். "நான் ரிமோட்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன், பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொன்னோம். போன மாதம் மெயில் வந்தது, இனி வாரம் மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டுமாம். கேட்டால், "உங்களுக்குக் கொடுத்தது ஒர்க் ஃப்ரம் ஹோம், ரிமோட் கிடையாது" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே அண்ணா? இங்கே அப்பா வேறு. லேப்டாப்பைத் திறந்தால் போதும், "சும்மாதான உக்காந்திருக்கற, த்ரீ பேஸ் வந்திருச்சு, கிணத்து மோட்டரைப் போட்டுட்டு வா சாமி" என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் நீங்கள் குழம்பியதில் தப்பும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அப்போது இரண்டு பெயரையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினோம், அது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஒர்க் ஃப்ரம் ஹோமில் உங்கள் நாற்காலி ஆபீசிலேயே இருக்கிறது, நீங்கள் மட்டும் வீட்டில் இருக்கிறீர்கள். அது சலுகை, கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரிமோட்டில் அங்கே உங்களுக்கு நாற்காலியே கிடையாது. ஆள் எங்கோ இருக்கிறான் என்ற கணக்கில்தான் வேலையையே அமைத்திருப்பார்கள். அந்த 'எங்கோ' வீடாகவும் இருக்கலாம், கோபி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியாகவும் இருக்கலாம். 1973இல் 'டெலிகம்யூட்டிங்' (தலைமை ஆபீசுக்குப் போய்வராமல் வேலை பார்ப்பது) என்ற சொல்லைக் கொடுத்த அமெரிக்கர் ஜாக் நில்ஸ்கூட, லாஸ் ஏஞ்சலிஸ் நெரிசலில் மாட்டியவர்களுக்கு யோசித்தது வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை ஆபீஸ்களைத்தான்.

நான் வளர்ந்தது கோயம்புத்தூர் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டித் தறிக்குடோன், ஆறு விசைத்தறி. ஜவுளிக்காரர் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு கூலி. பாவு ஏற்றிவிட்டால் அப்புறம் அப்பா எத்தனை மணிக்குத் தறி ஓட்டினார், நடுவில் சந்தைக்குப் போனாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. பீஸை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரித்து, டேமேஜ் பார்த்து, மீட்டர் கணக்குப் போட்டு முடிப்பார்கள். நடந்தது வீட்டில்தான். ஆனால் நான் பார்த்ததிலேயே சுத்தமான ரிமோட் வேலை அது. (கரண்ட் பில்லும் தேய்மானமும் நம் தலையில், கூலியை ஏற்றித் தரச் சொல்லி மாசக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் அந்தக் காலம் போல வருமா என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.)

2020 கடைசியில் நானே சென்னை ஆபீஸ் ஒன்றுக்குச் சோமனூரில் உட்கார்ந்து ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு வீடியோவில் முகம் காட்ட வேண்டும். பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும், கொஞ்ச நேரம் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். காபி குடிக்கப் போகும்போது மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவேன். ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர், "பின்னாடி என்ன சார், ரயில் போகுதா?" என்றார். பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிறது என்றேன். "கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்." வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன், பாவம், நிறுத்தினார்கள். நாற்பது நிமிடம் தறி நின்றது. அந்த மீட்டிங்கில் நான் பேசியது இரண்டே வரி.

பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவின் ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஆட்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டதில் அவர்கள் முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. இந்த எண்ணை எல்லாரும் சொல்வார்கள். அதில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. சோதனை முடிந்ததும் தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பியவர்களும் உண்டு. நம் வீடுகளில் தனி அறை இருந்தாலும், பகலில் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு ஆத்தா வந்துவிடுவார்.

சரி, உங்கள் விஷயம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பணியிடம் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெங்களூர் என்றிருந்தால் பெரும்பாலும் வாதாட இடமில்லை, வாயால் சொன்னதெல்லாம் இப்போது நிற்காது. வேண்டுமானால் எழுத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னால், உங்கள் டீமில் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். காபி மிஷின் பக்கத்தில் நாலு பேர் பேசி முடித்து, உங்களுக்கு மறுநாள்தான் தெரிய வருகிறதென்றால், ரிமோட் என்று எழுதி வாங்கியும் பிரயோஜனமில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பேசுகிற கம்பெனியாகப் பார்த்து மாறிக்கொள்வதே நல்லது. பெண் வீட்டிலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை, வேலை என்றால் வீட்டை விட்டுக் கிளம்பிப் போவது. விளக்கிப் பயனில்லை. பெங்களூர் போகாமல் தப்பித்தீர்களானால் கோபியில் ஒரு மாடி அறை பிடித்து, காலையில் டிபன் பாக்ஸோடு வண்டியை எடுங்கள். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் கோயம்புத்தூரிலேயே கிடைக்கிறது. சிம் போட்டு அப்பாவின் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டால், திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் போட்டுக்கொள்வார். வாங்கும்போது, கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கிற மாதிரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.