ஏனுங்க அக்கா! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, வெளியூரிலிருந்து இந்தக் கொங்குப் பக்கம் வேலைக்கு வந்தவர்களுடையவை. வைகாசி, ஆனி என்றாலே இப்படித்தான். பள்ளிக்கூட அட்மிஷன், புது வேலை, வீடு மாற்றம் எல்லாம் ஒட்டுக்கா வரும். நானும் 1994-ல் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர் என்று பஸ் மாறி மாறி, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ், கைக்குழந்தையோடு திருப்பூரில் வந்து இறங்கியவள்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். மூட்டுவலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு) உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஐம்பது வயது கட்டிங் மாஸ்டர்கூட என்னை ‘வாங்க, போங்க’ என்கிறார். எங்கள் ஊரில் ‘ஏலே’ என்று கூப்பிட்டால்தான் ஒட்டுறவு. இங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், யாரும் ஒட்டவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா?
– 23 வயது வாசகர், திருப்பூர்

தம்பி, நான் வந்த புதிதில் அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீடு பார்த்தோம். ஓட்டு வீடு, ஆறு குடித்தனம், ஒரே கிணறு. வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பொழுதோட வாங்க, சாவி தாரனுங்” என்றார். எங்கள் பக்கம் பொழுதோடு வா என்றால் நேரங்காலத்தோடு வா என்று பொருள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் கட்டுத்தரையில் மாட்டுக்கு மடி கழுவிக்கொண்டிருந்தார். “ஏனுங்க, பொழுதோடன்னு சொன்னனுங்களே?” என்று அவர் கேட்க, “அதான் வந்துட்டேன்” என்று நான் சொல்ல, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முழித்தோம். இங்கே பொழுதோட என்றால் சாயங்காலம்! கறந்த பாலிலேயே காபி போட்டுக் கொடுத்தார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. அது சாயங்காலம்தான் கிடைத்தது.

என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் அவர். ஆனாலும் நான் ‘வாங்க’தான். என் இடுப்பிலிருந்த ஒரு வயதுப் பையனும் ‘வாங்க சாமி’தான். உங்களைப் போலத்தான் எனக்கும் இருந்தது, எட்ட நிறுத்தி வைக்கிறார் என்று. எங்கள் தெருவில் வாடி போடி என்று கூப்பிடாதவள் சண்டைக்காரியாகத்தான் இருப்பாள். பல வருஷம் இந்த நினைப்பிலேயே ஓடியது.

2011 ஜனவரி கடைசியில், நொய்யலில் கழிவு கலப்பது நிற்கவில்லை என்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில்தான் வேலை. ஆற்றுக்கு அது வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் எங்கள் அடுப்பு அணைந்துவிட்டது. இரண்டாம் மாத வாடகையும் நின்றபோது நானே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “வாடகை கெடக்குது உடுங்க. பையனுக்குப் பன்னெண்டாவது பரீச்ச இல்லீங்? மொதல்ல அதப் பாருங்க” என்றார் அந்த அம்மா. உள்ளே போய் ஒரு படி கொள்ளு அளந்துகொண்டு வந்து என் முந்தானையில் கொட்டினார். அப்போதும் ‘ங்க’தான், தம்பி. பதினேழு வருஷமாக நான் அந்த ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் வருகிறேன். மெர்ச்சண்டைசர் ஆட்கள் ஏசி அறையில் உட்கார்ந்து மெயில் பார்ப்பார்கள், ஷிப்மெண்ட் நெருங்கினால் மட்டும் கீழே இறங்கி வந்து கத்துவார்கள் என்று கட்டிங், பவர் டேபிள் (தையல்) ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முப்பது வருஷம் அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன், கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீங்கள் அவசரம் இல்லாத நாளில் போங்கள். துணியைக் கட்டிங் மேஜையில் விரித்தவுடனே ஏன் வெட்டுவதில்லை, ஏன் ஆறப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் விரலால் தொட்டே, இது துவைத்தால் சுருங்கும், டையிங்குக்குத் திருப்பி அனுப்பு என்பார். அதைக் கேட்கிற பையன் வந்தால் அவருக்குச் சந்தோஷம்தான். பதினோரு மணி டீக்கு உங்கள் ஊர்ப் பையன்களோடு தனியாக ஒதுங்காமல் அவரோடு பேக்கரிக்குப் போங்கள். இங்கே டீக்கடை என்பதே பாதி பேக்கரிதான். ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டு பேசுவதற்கு இங்கே பெயர் ‘பழமை பேசறது’. பழமையில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் “எங்கூர்ல நோம்பிங்க, வந்துட்டுப் போங்க” என்பார். நோம்பி என்றால் கோயில் திருவிழா. முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுங்கள். வேலை இருக்கிறது, அது இது என்று இழுத்தால் இரண்டாம் தடவை வற்புறுத்த மாட்டார்கள். உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விட்டுவிடுவார்கள். அதுவும் மரியாதைதான், என்ன செய்வது!

ஊருக்குத் திரும்புவதைத் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு யோசிக்கலாம். அவசரம் ஒன்றுமில்லை.

கேள்வி: பல்லடம் ரோட்டில் குடிவந்திருக்கிறோம். போர் தண்ணியில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது. – வாசகி, திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்

உப்பளத்து ஊரில் பிறந்த எனக்கே இந்த உப்புத்தண்ணி மலைப்பாகத்தான் இருந்தது. பருப்புக்கும் டீக்கும் நல்ல தண்ணியை, அதாவது குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணியைத் தனிக் குடத்தில் வையுங்கள். அது தினமும் வராது. வருகிற நாளை முதலில் பக்கத்து வீட்டில் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். உப்புத்தண்ணியில் அவசரத்துக்குப் பருப்பு வைக்க நேர்ந்தால் முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான்.

தலைக்கு ஷாம்பூவை விட்டுவிட்டு அரப்பு போட்டுப் பாருங்கள். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள், சந்தையில் படியால் அளந்து விற்பார்கள். உப்புத்தண்ணியிலும் அது வேலை செய்யும். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: கணவர் பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷின் டெய்லர். எங்கள் ஊரில் மாதச் சம்பளம். இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வருகிறது, செவ்வாய்க்கிழமை கையில் ஒன்றுமில்லை. எப்படிச் சமாளிப்பது? ESI (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால் கையில் வருவது குறையும், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்கிறார். – வாசகி, திருப்பூர்

சனிக்கிழமை ராத்திரி திருப்பூர்க் கடைவீதியைப் பார்த்தால் ஊருக்கே கல்யாணம்போல் இருக்கும். ஞாயிறு கறி. திங்கட்கிழமை பாதி ஆள் கம்பெனிக்கு வராது. இது ஊர் வழக்கம், உங்கள் வீட்டுக்காரரை மட்டும் திட்டாதீர்கள்.

நான் செய்தது இது. வாடகை 5,000 என்றால் சனிக்கிழமை கூலி வந்தவுடன் 1,250-ஐ எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டுவிடுவேன். மளிகை, பால் கணக்கும் அப்படியே நாலில் ஒரு பங்கு. எல்லாக் கணக்கும் மாதத்துக்கு நாலு சனிக்கிழமை என்றுதான். ஆனால் வருஷத்தில் 52 சனிக்கிழமை. பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு போக, நாலு சனிக்கிழமை சும்மா கிடைக்கிறது பாருங்கள். ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது கூலியை நான் கண்ணால்கூடப் பார்க்காமல் எடுத்து வைத்துவிடுவேன். பையனின் ஸ்கூல் பீஸ் ஒன்று, தீபாவளி ஒன்று. மற்ற இரண்டும் ஆர்டர் இல்லாத வாரங்களுக்கு. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற காலத்தில் அரை ஷிப்ட் காலம் ஒன்று வரும் என்று யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ESI-ஐ வேண்டாம் என்று சொல்லவே கூடாது. அது நீங்கள் விரும்பினால் சேர்கிற சீட்டு இல்லை, சட்டம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனி கட்டியாக வேண்டும். உங்கள் கணவர் பங்கு 0.75 சதவீதம். கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 10,000 ரூபாய் சம்பளம் என்றால் அவருக்குப் பிடிப்பது 75 ரூபாய். இரண்டு பேர் பேக்கரியில் உட்கார்ந்து எழுந்தால் போகிற காசு.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. முதல் கம்பெனியில் நான் கைமடிக்க, அதாவது துணி மடித்துக் கொடுக்கிற உதவியாளாகச் சேர்ந்து, கொஞ்ச நாளில் ஓவர்லாக் தையல் மெஷின் பழகினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். 1996-ல் ஒரு ராத்திரி, ஆர்டர் அவசரம், தூக்கக் கலக்கம், ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்துவிட்டது. சூப்பர்வைசர் விரலில் மெஷின் எண்ணெயைத் தடவி, ‘பீஸில் ரத்தம் படாமல் பார்த்துக்கோ’ என்றார். ஊசி முனையை எடுக்கத் தனியார் டாக்டருக்கு ஒன்றரை வாரக் கூலி போனது. பிறகுதான் தெரிந்தது, கம்பெனியின் ஆள் ரிஜிஸ்டரில் நான் என்று ஒருத்தியே கிடையாது. அப்புறம் ESI எங்கே! அந்த நகம் இன்னமும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது.

கணவரிடம் ESI நம்பரையும் PF-க்கான (வருங்கால வைப்பு நிதி) UAN நம்பரையும் கேட்டு வாங்கி, நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி மாறினாலும் UAN அதேதான். புதிதாக ஒன்று போடவிடாதீர்கள்.

கேள்வி: கலந்தாய்வில் காங்கேயம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி கிடைத்தது. நான் கன்னியாகுமரி மாவட்டம். பிள்ளைகள் பேசுவது பாதி புரியவில்லை. ‘அம்மா காட்டுக்குப் போயிட்டாங்’ என்று ஒருத்தி சொன்னபோது பயந்தே போனேன். – ஆசிரியை

டீச்சர், இங்கே காடு என்றால் மானாவாரி நிலம். கிணறு வைத்துப் பாய்ச்சினால் அது தோட்டம். கிளுவை முள் வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கென்றே விட்டிருப்பது கொறங்காடு. காங்கேயம் காளைகள் வளர்ந்ததே அந்தப் புல்லில்தான். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையே கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள். வேலிக்குப் படலை எப்படித் திறந்து மூடுவது என்று அவர்கள் உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள்.

‘தண்ணி வாத்துட்டு வர நேரமாச்சுங்’ என்று தாமதமாக வருகிறவன் செடிக்கு ஊற்றிவிட்டு வரவில்லை, குளித்துவிட்டு வந்திருக்கிறான். ‘ஒறம்பரை வந்துட்டாங்’ என்றால் வீட்டில் விருந்தாளி. ‘அப்பிச்சி ஊடு’ அம்மாவைப் பெற்ற தாத்தா வீடு, திங்கட்கிழமை லீவுக்கு முக்கியக் காரணம் அதுதான். ‘நோம்பி’க்கு லீவு கேட்டால் பட்டினி விரதம் என்று இரக்கப்பட வேண்டாம். கோயில் திருவிழா அது, ஆட்டுக்கறி உண்டு. ‘நெம்ப’ என்றால் ரொம்ப. இதற்கு மட்டும் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள், பாவம்.

இன்னொன்று, ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கொடியில் காயப்போட்ட சேலைக்கு நாலு கிளிப்பாவது போடுங்கள். என்னுடையது ஒன்று போனது போனதுதான்.

கேள்வி: இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் கொங்கு நாட்டில் உங்களுக்குப் பழகாதது எது அக்கா? – வாசகர், அவிநாசி

மீன். ஐஸில் படுத்து லாரியில் வருகிற மீனை மீன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரிசியும் பருப்பும் சாதம் பழகிவிட்டது, சந்தவை (இங்கத்து இடியாப்பம்) பிழியக் கற்றுக்கொண்டேன், ஒப்புட்டுகூட (போளி) என் கையில் ஓரளவு வட்டமாக வரும். மீன் மட்டும் முடியவில்லை. அதனால் தம்பி ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டி அனுப்புவான்.

முதல் தடவை அதை வறுத்தபோது வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க, எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா, பாருங்க” என்றார். அதற்கப்புறம் அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துத்தான் வறுப்பேன். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நாங்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் கொள்ளு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மருமகள் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்து, மெல்லக் கேட்டார்: “அந்த எலி இருந்தாச் சித்தெ கொண்டாங்களே.”